பென்டிரைவ் வந்த வாரம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் காதுவலி எப்படி இருக்கிறது? அந்தத் தீவுக் காற்றில் தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே. இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். "நலம்" என்று எழுதினால் உன் அத்தான் முறைப்பார்.

நீ கிளம்பும்போது வாங்கிக் கொடுத்த புது டிஸ்க்கை உன் மருமகள் மாட்டினாள். சூயிங்கம் பட்டை அளவு இருக்கிற சாமானில் பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் ஏறுமா என்று எனக்குச் சந்தேகம். நீ சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள், எல்லாம் ஏறிவிட்டது. ஏறிய கையோடு பழைய டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு ஒரேயடியாக நின்றுபோனது.

இப்போது புது டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் எழும்பவே மாட்டேன் என்கிறது. "தொடங்க டிஸ்க் இல்லை" என்று ஒற்றை வரி காட்டுகிறது. செட்டிங்கில் போய்ப் பார்த்தால் பட்டியலில் அதன் பெயரே இல்லை. ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். "இது காயலான் கடைக்குப் போக வேண்டிய மெஷின்க்கா, புதுசு வாங்கிடுங்க" என்றார். அத்தான் பேசுவதற்காகத் தட்டும் பொத்தான் பெட்டியில் இருக்கும் தடித்த பிளக்கைக் காட்டினேன். தலையைச் சொறிந்தார். "இதைச் சொருக இப்ப வர்ற மெஷின்ல ஓட்டையே கிடையாதே" என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நோய் அத்தானின் குரலைக் கொண்டுபோகும் முன்னால் நீ உட்கார்ந்து பதிவு செய்து வைத்தாயே, அந்தக் குரல்தான் இதுவரை இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது. ஒரு விரல்தான் அசைகிறது என்றாலும் அந்தப் பொத்தானைத் தட்டித் தட்டி என்னை எத்தனை திட்டு திட்டினார்! டிரைவிங் ஸ்கூல்காரர் வாய் அல்லவா. இப்போது வீடு ஊமையாகக் கிடக்கிறது. சீக்கிரம் ஒரு வழி சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். காது பரவாயில்லை. அத்தானிடம் சொல், பேச்சு நின்றதும் வீடு நிம்மதியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிஸ்க்கில் கோளாறு இல்லை. அந்த மெஷின் பிறந்தபோது இந்த வகை டிஸ்க் பிறக்கவே இல்லை. கண் விழித்ததும் தனக்குத் தெரிந்தவர்களை மட்டும்தான் அது கூப்பிடும். சிபாரிசு இல்லாமல் உள்ளே விடாத அலுவலகம் மாதிரி என்று வைத்துக்கொள். சிபாரிசுக்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த மெஷினுக்குப் பென்டிரைவைத் தெரியும். அதில் ஒரு சின்ன நிரல் போட்டு இதோடு அனுப்புகிறேன். மெஷின் முதலில் பென்டிரைவைப் பார்க்கும், பென்டிரைவ் புது டிஸ்க்கைக் காட்டிக்கொடுக்கும், அதன்பிறகு எல்லாம் வழக்கம்போல நடக்கும். பென்டிரைவை மட்டும் எப்போதும் பிடுங்கக் கூடாது.

டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டால் குரல் கோப்புகள் கேட்கும். ஆனால் பொத்தான் வேலை செய்யாது. பொத்தான் இல்லாவிட்டால் அத்தான் பேசுகிற மாதிரி ஆகுமா? அதனால் அவசரப்பட்டு எதையும் கழற்ற வேண்டாம்.

மார்ச் 9: இந்தக் கடிதம் இன்னும் தபால் மூட்டையிலேயே கிடக்கிறது. கடல் கொந்தளிப்பு, படகு வரவில்லை. எங்கள் வானிலை நிலையத்துச் சமையல்காரருக்கு அவர் அப்பா இறந்துவிட்டதாக வானொலியில் சேதி வந்தது. படகு வரும்வரை பொறுக்காமல் ஒரு மீன்பிடிப் படகில் ஏறிப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. இப்போது ஜெனரேட்டரையும் நான்தான் பார்க்கிறேன், அடுப்பையும் நான்தான் பார்க்கிறேன். இரண்டும் புகைகின்றன.

மருமகளுக்கு என் அன்பு.
தம்பி

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? உன் பதில் இன்னும் வரவில்லை. கடல் சரியில்லை என்று உங்கள் தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். வானொலியில் உன்னிடம் ஒரு நிமிஷம் பேச விடுங்கள், கம்ப்யூட்டர் விஷயம் என்று கேட்டேன். அங்கிருந்த அம்மாள் நல்ல மாதிரி. "உயிர் போற விஷயம்னா மட்டும்தான்மா அதுல சொல்ல முடியும்" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

அத்தானுக்கு ஏதோ சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன், அவர் கண்ணைச் சிமிட்டுவார். நம் பாஷையில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வைத்தவன் என் கையில் கிடைத்தால் நடப்பதே வேறு. க வரிசை தாண்டுவதற்குள் அவருக்குக் கண் சொருகிவிடுகிறது. நேற்று 'ந'வில் சிமிட்டினார். "நாளைக்கா? நகம் வெட்டணுமா? நர்ஸைக் கூப்பிடணுமா?" என்று நானும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு கேட்டோம். கோபத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு சாயந்திரம்வரை திறக்கவே இல்லை.

சளி கட்டியிருக்கிறது. டாக்டர் வந்து பார்த்தார். மூச்சு வாங்கும்போது விலா எலும்பெல்லாம் எழும்பி எழும்பி அடங்குகிறது. பகலில் நான் அவருக்குப் பதிலாகப் பயிற்சி காரில் போக வேண்டியிருப்பதால் மகள் கல்லூரிக்குப் போகாமல் கூட இருக்கிறாள்.

ஏதாவது செய்யடா.
அக்கா

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் கடிதமும் பென்டிரைவும் வந்து சேர்ந்தன. பொட்டலம் ஒரு ஓரத்தில் நனைந்திருந்தாலும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

நீ எழுதியபடி சொருகிப் பார்த்தோம். பழையபடி "தொடங்க டிஸ்க் இல்லை" என்றுதான் வருகிறது. செட்டிங்கில் பென்டிரைவின் பெயரும் இல்லை. மெஷின் ரொம்பப் பழசாகிவிட்டது, இனி எதைச் செய்தாலும் எழும்பாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உனக்கு என்ன தோன்றுகிறது? எழும்பாது என்றால் எழும்பாது என்றே எழுது. அவசரமில்லை.

சமையல்காரரைப் பற்றிப் படித்தேன். நீ அந்த மாதிரிப் படகில் ஒருநாளும் ஏறக் கூடாது. எது நடந்தாலும் ஏறக் கூடாது. எனக்கு நீ சத்தியம் செய்து எழுத வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சத்தியம் செய்கிறேன், ஏற மாட்டேன். போதுமா?

அவசரமில்லை என்று நீயா எழுதினாய்! அத்தான் கண்ணாலேயே உன்னைச் சுட்டெரிப்பாரே. அவர் சளி எப்படி இருக்கிறது? அந்த 'ந' என்னவென்று தெரிந்ததா? ஒரு வரிகூட எழுதவில்லையே.

எழும்பாது என்று நான் எழுத மாட்டேன். பென்டிரைவைக் கட்டாயம் முன்பக்கத்து யூஎஸ்பி ஓட்டையில்தான் சொருகியிருப்பீர்கள். முன்னால் கைக்கு எட்டுகிறதே என்று எல்லோரும் செய்வதுதான். அந்த முன்பக்க வயர் உள்ளே தளர்ந்து கிடக்கிறது, மெஷின் எழும் நேரத்தில் அதைக் கண்டுகொள்ளாது. மேஜையை நகர்த்தி, பின்பக்கம் கீபோர்டு வயருக்குப் பக்கத்திலிருக்கும் ஓட்டையில் சொருகுங்கள். செட்டிங்கில் போய் பென்டிரைவை முதல் இடத்துக்கு நகர்த்துங்கள். எழும்பாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அத்தான்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டாரே. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் அவருடைய டிரைவிங் ஸ்கூல் சுவரைப் பின்பக்கமாக இடித்த நாளிலிருந்து நான் "ரிவர்ஸ்"தானே!

தைரியமாக இரு. ஒரு ஓட்டை மாறிப்போன கதைதான் இது.

தம்பி

ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். மழைக்காலம் முடியும்வரை நீ கம்பளியை விடாதே.

நீ சொன்ன இடத்தில் மகள் சொருகினாள். திரை வந்தது. கம்ப்யூட்டர் முன்பைவிட வேகமாக எழும்புகிறது. பொத்தான் வேலை செய்கிறது. குரலும் வந்தது. அதே குரல், கொஞ்சமும் மாறவில்லை.

பின்பக்கத்து ஓட்டைதான். அவ்வளவுதானா என்று இருந்தது.

பயிற்சி காரில் இப்போது ஒரு டீச்சரம்மா கற்றுக்கொள்கிறாள். பிரேக்கை மிதி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறாள். என் பக்கத்துப் பிரேக் தேய்ந்தே போகும். மகள் மறுபடி கல்லூரிக்குப் போகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு, மருமகளுக்கு,

நான் மிக மிக நலம்! கடிதத்தைப் படித்ததும் ஜெனரேட்டர் அறையில் நின்று கத்திவிட்டேன். என்னவோ வெடித்துவிட்டது என்று நிலையத்து அதிகாரி ஓடி வந்தார். "எங்க அத்தான் பேசிட்டார் சார்" என்றேன். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். வானிலை பார்க்கும் பெரியவர்கூட, இங்கே யாரிடமும் சிரிக்காத மனுஷன், என் தோளில் தட்டினார்.

அக்கா, நீ எழுதியதில் ருசியே இல்லை. முதல் வார்த்தை என்ன பேசினார்? உன்னைத் திட்டினாரா, என்னைத் திட்டினாரா? இத்தனை மாதம் வாயடைத்துக் கிடந்த மனுஷன் சும்மாவா இருந்திருப்பார்!

அத்தான், எனக்கு நீங்களே ஒரு கடிதம் எழுத வேண்டும். பொத்தானைத் தட்டி எழுதி, மருமகளை அச்செடுக்கச் சொல்லுங்கள். நாலு வரி போதும், முழுக்கத் திட்டாக இருந்தாலும் சரி. அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் இங்கே மீதி நாளை ஓட்டப்போகிறேன்.

உங்கள்
ரிவர்ஸ்

ஜூலை 5

டேய் ரிவர்ஸ்,

நலமா? நான் நலம். நீ அனுப்பிய பென்டிரைவ் நன்றாக வேலை செய்கிறது. தூரத்தில் இருந்துகொண்டும் என் மேல் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டாய். நீ செய்த உதவியை ஒருநாளும் மறக்க மாட்டேன். உனக்கு மிகவும் நன்றி. உன் அக்காவையும் மருமகளையும் நீ நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்று நம்பிக்கை இருக்கிறது. வேலையைக் கவனமாகச் செய். காற்றில் அலையாதே. காதுக்குத் துணி கட்டிக்கொள்.

அன்புடன்
அத்தான்

ஜூலை 16

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்?

அத்தானின் கடிதம் வந்தது. சுவரில் ஒட்டுவதற்குப் பசை எடுத்து வைத்திருந்தேன். ஒட்டவில்லை.

அத்தான் எனக்கு நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. குரல் பதிவு செய்த நாளில், தொண்டை கம்மிக் கம்மி அத்தனை வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு அப்புறம் இதைப் போட்டுக் கேட்டு அழுதீங்கன்னா உதைப்பேன்" என்றார். அதுதான் அவர் நன்றி. ஒரு விரலை வைத்துக்கொண்டு இத்தனை வார்த்தை எழுத அவருக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் உட்கார்ந்து அவர் என் காதுக்குத் துணி கட்டச் சொல்ல மாட்டார். அதைச் சொல்கிறவள் நீ.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மே மாதத்திலிருந்து எதிலும் அவர் இல்லை. திட்டவில்லை, முறைக்கவில்லை, இருமவில்லை.

அக்கா, அத்தான் எப்போது போனார்?

தம்பி

ஆகஸ்ட் 1

என் தம்பிக்கு,

நல்லா இரு.

ஏப்ரல் கடைசியில் போனார். காலையில் நான் டீச்சரம்மாவைக் கூட்டிப் போவதற்காகச் சாவியை எடுத்தேன். மகள் கூப்பிட்டாள். நான் போவதற்குள் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. "என்னங்க, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன் பார், அவரிடம் போய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். விரல் அசைந்தது. போர்வையில் தட்டினார், பொத்தானைத் தட்டுகிற மாதிரியே. இரண்டு மூன்று முறை. பிறகு இல்லை. அந்த 'ந' என்னவென்று எங்களுக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, அதே வாரத்தில் தபால்காரர் உன் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அதில்தான் சமையல்காரர் சேதி இருந்தது. வானொலியில் சொல்லச் சொல்லி நான் அலுவலகத்துக்குப் போகத்தான் இருந்தேன், செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் கழற்றிப் போட்டுவிட்டேன். உன்னையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன்?

பென்டிரைவைச் சொருகினோம், எழும்பவில்லை. தம்பி, நம்புவாயா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது முன்னாலேயே வந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது, ஆகவே தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அவர் பேசாமல் போனதற்கு யாரும் காரணமில்லை. அப்படி நினைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் தூங்கினேன். அதனால்தான் உனக்கு எழுதினேன். எழும்பாது என்று உன் கையால் எழுதி வாங்க வேண்டும் என்றுதான். நீ பிடிவாதக்காரன், வழி கண்டுபிடித்துவிட்டாய். எழும்பிவிட்டது. அப்புறம் எனக்குத் தூக்கமில்லை.

இது உனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். நீ கேட்ட கடிதத்தை மகள் எழுத மாட்டேன் என்றாள். "அப்பா பேரைப் போட்டு என்னால முடியாதும்மா" என்று அழுதாள். நான்தான் எழுதினேன்.

தப்பாக நினைக்காதே.
அக்கா

ஆகஸ்ட் 13

அக்கா,

சாப்பிடுகிறாயா? மருமகள் எப்படி இருக்கிறாள்?

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜூன் மாதம் முழுவதும் இங்கே நான் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்தேன் அக்கா. அத்தான் பேசுகிறார், அத்தான் பேசுகிறார் என்று கடலிடம்கூடச் சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பென்டிரைவ் சாக்கு மூட்டையில் கிடந்த நாளெல்லாம் நான் அதைத் தினமும் தாண்டிப் போனேன். கடலைத் திட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஊருக்கு வருகிறேன். பெரிய படகில்தான், பயப்படாதே. அதிகாரியே கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குப் பதில் ஆள் வந்ததும் கிளம்புகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குரல் வந்தது என்று எழுதினாயே. என்ன சொன்னது? நான் அங்கே வந்து நின்றுகொண்டு கேட்க எனக்குத் தைரியம் வராது. கடிதத்திலேயே சொல்லிவிடு.

தம்பி

ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம். உனக்குப் படுக்கை முன்னறையில் போட்டிருக்கிறேன், உள்ளறைக் கட்டிலில் படுக்க உனக்கு மனசு வராது.

கேட்டாய், சொல்கிறேன். நீ வந்த பிறகு இதை மறுபடி என்னிடம் கேட்காதே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்ப்யூட்டர் மேஜையை முன்னறைக்கு மாற்றியிருந்தோம். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மகள் பின்பக்கம் சொருகிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், எழும்பப் போவதில்லை என்ற தைரியத்தில் நானும் சரி என்றேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. திரை வந்ததும், பொத்தான் வேலை செய்கிறதா என்று ஒரு தட்டு தட்டியிருக்கிறாள். பட்டியலில் முதலில் இருந்தது ஓடியிருக்கிறது.

"ஏய், தண்ணி கொண்டா."

குழாயை மூடினேன். சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தம்ளரில் தண்ணீர் பிடித்து, அவருக்குச் சில்லென்று ஆகாது என்பதால் பாத்திரத்திலிருந்த வெந்நீரும் கொஞ்சம் கலந்து, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டேன். கட்டிலருகில் போய்க் குனிந்தும்விட்டேன். மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

பின்னால் மகள் வந்து நின்றாள். "அம்மா, அது நான்தாம்மா" என்றாள்.

தம்ளரைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து நானே குடித்தேன்.

பத்திரமாக வந்து சேர்.

அக்கா